நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஆபரேஷன் வயிற்றில், வீக்கம் காலில்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மடியில் எக்ஸ்ரே உறை இருக்கும். கூட வந்தவர் கையில் மாத்திரைப் பையும் பிளாஸ்கும். ஒவ்வொரு வளைவிலும் தையல் போட்ட இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். ஊரில் கட்டில் தயாராகக் காத்திருக்கும். "ஒரு மாசத்துக்கு அசையக்கூடாது" என்று அத்தையோ பெரியம்மாவோ சட்டம் போட்டிருப்பார்கள்.

இப்படித் திரும்புகிறவர்களில் சிலருக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு கால் மட்டும் வீங்கும். கத்தி வைத்தது வயிற்றில், வீங்குவது கெண்டைக்கால். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றாது. மருத்துவர்கள் இதை ஆழ்சிரை ரத்தக்கட்டு என்கிறார்கள். வார்டு பேச்சில் சுருக்கமாக டிவிடி. காலின் ஆழத்தில், தசைகளுக்கு நடுவே ஓடும் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதுதான் நோய். கட்டி அங்கேயே கிடந்தால் கால் வீங்கும். அதில் ஒரு துண்டு பிய்ந்தால் ரத்தத்தோடு ஏறி, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குள் போய் அடைக்கும். உயிர் போவது அங்கேதான்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரி 12 அன்று அதன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று அலைய வேண்டியிருந்த பல சிகிச்சைகள் பக்கத்தில் வந்துவிட்டன. ஆனால் தேறுவது வீட்டில். அந்த வீடு கல்வராயன் மலையில் இருந்தால் தொலைவு குறைந்துவிடவில்லை. அதனால் நோயாளி மலை ஏறுவதற்கு முன்பே சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: இது வெள்ளைக்காரர் நோய். வெயிலில் உழைக்கிற உடம்புக்கு வராது.

உண்மை: ஊர்மக்கள் மட்டும் நம்பியதல்ல இது. ஆசியர்களுக்கு இந்த ரத்தக்கட்டு அபூர்வம் என்று மருத்துவர்களே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். மலேசியாவில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றமும் தொடை எலும்பு முறிவுக்கான அறுவைசிகிச்சையும் செய்துகொண்ட 88 பேரை, தடுப்பு மருந்து எதுவும் இல்லாத நிலையில் பரிசோதித்துப் பார்த்தார்கள். 62.5 விழுக்காட்டினரின் காலில் ரத்தக்கட்டு இருந்தது. 1996இல் வெளியான அந்த ஆய்வு, ஆசியரிடம் இது அபூர்வமல்ல என்று தலைப்பிலேயே சொன்னது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை 1996 முதல் 2005 வரையிலான தன் பதிவேடுகளைப் புரட்டியபோது, 10,000 உள்நோயாளிகளுக்குச் சுமார் 17 பேரிடம் இந்த நோய் உறுதிசெய்யப்பட்டிருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறுவைசிகிச்சையோ அடிபட்டதோ காரணமே அல்ல.

மரவள்ளிக் காட்டில் நாள் முழுக்க நடந்து உழைக்கிறவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு என்பது நிஜம். நடக்கும்போதெல்லாம் கெண்டைக்கால் தசை இறுகிச் சிரைகளைப் பிழிந்து, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கட்டிலில் படுத்த அன்றே அந்தப் பம்பு நின்றுவிடும். போன மாதம் வரை உழைத்த கணக்கு அங்கே செல்லாது.

நம்பிக்கை: அசைந்தால் தையல் விட்டுவிடும். தண்ணீர் குடித்தால் புண் சீழ் பிடிக்கும்.

உண்மை: ரத்தம் சிரைக்குள் உறைவதற்கான காரணங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ. 1856இல் வெளியான அவருடைய எழுத்துகளிலிருந்து வளர்ந்த கணக்கு இது: ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மை கூடுவது. பெரிய அறுவைசிகிச்சை இந்த மூன்றையும் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்க்கிறது. மயக்க மருந்தில் மணிக்கணக்காக அசையாமல் கிடக்கிறோம். கத்தி படுகிறது. வெட்டுப்பட்ட உடம்பு, ரத்தம் வீணாகாமல் இருக்க உறைய வைக்கும் பொருள்களை அதிகமாகச் சுரக்கிறது.

இதில் ஓட்டம் மந்தமாகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நோயாளி கையிலும் வீட்டார் கையிலும் இருக்கிறது. அதனால்தான் முந்தின நாள் ஆபரேஷன் செய்துகொண்டவரை மறுநாளே நர்ஸ் எழுப்பி நடக்க வைக்கிறார். வயிற்றுச் சுவரை அடுக்கடுக்காகத் தைத்திருப்பார்கள். மெதுவாக நடப்பதால் அது பிரியாது. மருத்துவர் தடை சொல்லியிருப்பது கனம் தூக்குவதற்கு. எழுந்திருக்கவே முடியாதவர் படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம். தண்ணீரால் புண் சீழ் பிடிப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்படும், உறைவதற்கு அது ஒரு காரணம் ஆகும். சிறுநீரகம், இதயம் காரணமாக மருத்துவரே அளவு சொல்லியிருந்தால் ஒழிய, தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கலாம்.

நம்பிக்கை: டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் கண்டம் தாண்டியாச்சு.

உண்மை: பிரிட்டனில் 9,47,000க்கும் மேற்பட்ட நடுத்தர வயதுப் பெண்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. உள்நோயாளியாக இருந்து அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் 140 பேருக்கு ஒருவர், அடுத்த 12 வாரங்களுக்குள் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்து மருத்துவமனைக்குத் திரும்பியிருந்தார். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியவர்களில் 45 பேருக்கு ஒருவர். காலையில் வந்து மாலையில் வீடு போகும் சின்ன ஆபரேஷன் என்றாலும் 815 பேருக்கு ஒருவர். கத்தியே படாதவர்களில் அதே 12 வாரக் கணக்குக்கு 6,200 பேருக்கு ஒருவர்தான். ஆபத்து உச்சத்தில் இருந்தது மூன்றாவது வாரத்தில்.

மூன்றாவது வாரம் என்றால் நம் ஊர்க் கணக்கில் தையல் பிரித்து, பார்க்க வந்த உறவுக்காரர்களும் போய், எல்லோரும் நிம்மதியாக இருக்கும் நாள்கள்.

பிரசவத்துக்கும் இது பொருந்தும். கர்ப்ப காலத்திலேயே ரத்தம் உறையும் தன்மை கூடிவிடுகிறது. பிள்ளை பெற்ற பின் ஆறு வாரம் வரை அந்த ஆபத்து நீடிக்கும். சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். பச்சை உடம்புக்காரி நடமாடக்கூடாது என்று அறைக்குள்ளேயே படுக்க வைப்பது அவளுக்கு எதிராகவே முடியலாம்.

நம்பிக்கை: நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிட்டால் வீக்கம் இறங்கிவிடும்.

உண்மை: இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான நம்பிக்கை இது. டெல்லியில் 23 வயது இளைஞர் ஒருவருக்குக் கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும் வலியும் வீக்கமும் இருந்தன. தாய் எண்ணெய் தடவிக் காலை உருவிவிட்டார். சிரையில் இருந்த ரத்தக்கட்டு நகர்ந்து நுரையீரலை அடைத்து, இளைஞர் இறந்துபோனார். எய்ம்ஸ் தடயவியல் மருத்துவர்கள் இதை ஒரு மருத்துவ இதழில் பதிவுசெய்ய, 2017இல் நாளிதழ்களிலும் வந்தது. அந்தத் தாய் செய்தது எந்தத் தாயும் செய்யக்கூடியதுதான்.

அறுவைசிகிச்சை, மாவுக்கட்டு, பிரசவம் இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கினால், டாப்ளர் ஸ்கேன் பார்க்கும் வரை அந்தக் காலை உருவவோ பிசையவோ கூடாது. அந்த ஸ்கேனுக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் போலத்தான், களிம்பு தடவிக் காலின் மேல் கருவியை வைத்துப் பார்ப்பார்கள்.

நம்பிக்கை: அது நரம்பு சுருட்டு. இல்லாவிட்டால் யானைக்கால்.

உண்மை: நரம்பு சுருட்டு தோலுக்கு அடியில் நீலமாகப் புடைத்துக் கண்ணுக்குத் தெரியும், உருவாக வருடங்கள் ஆகும். யானைக்காலும் வருடக்கணக்கில் தடிக்கும். ஆழ்சிரை ரத்தக்கட்டு ஓரிரு நாளில் வீங்கும். கெண்டைக்கால் கனக்கும், வலிக்கும், தொட்டால் சுடும், சிவக்கும். பலருக்கு இதில் ஒன்றுமே இருக்காது. மூச்சு வாங்குவதே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு. வலி இல்லை என்பதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது.

நம்பிக்கை: தொப்புளைச் சுற்றி ஊசி போடுகிறார்கள், ரத்தம் தண்ணீராகிப் புண் வழியே கொட்டிவிடும்.

உண்மை: அந்தக் காலத்து நாய்க்கடி ஊசியை வயிற்றில் போட்ட நினைவு பெரியவர்களுக்குப் போகவில்லை. ரத்தக்கட்டைத் தடுக்கப் போடுவது ஹெப்பாரின் வகை மருந்து. மெல்லிய ஊசிதான், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்போடு நின்றுவிடும். பெயரில் ரத்தத்தை மெலிதாக்கும் மருந்து என்றாலும் அது ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை, உறையும் வேகத்தைத்தான் குறைக்கிறது.

லண்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி அறுவைசிகிச்சை நிபுணர் விஜய் கக்கரின் தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து இதைச் சோதித்து 1975இல் முடிவை வெளியிட்டன. பெரிய அறுவைசிகிச்சை செய்துகொண்ட 4,121 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குறைந்த அளவு ஹெப்பாரின் கொடுத்தார்கள். நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் மருந்து பெறாத பக்கத்தில் 16 பேர், பெற்ற பக்கத்தில் 2 பேர். மருந்து பெற்றவர்களுக்குக் காயத்தில் ரத்தம் கட்டுவது சற்றுக் கூடியதும் உண்மை. அதனால்தான் எல்லோருக்கும் போடாமல் வயது, உடல் எடை, புற்றுநோய், முன்பு ரத்தக்கட்டு வந்திருக்கிறதா, ஆபரேஷன் எவ்வளவு பெரியது என்று கணக்குப் பார்த்துப் போடுகிறார்கள்.

நம் நாட்டில் குறை வேறு பக்கம் இருக்கிறது. 32 நாடுகளில் நடந்த ஒரு ஆய்வின் இந்தியப் பகுதியில், ஆபத்தில் இருந்த உள்நோயாளிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பு கிடைத்திருந்தது.

நம்பிக்கை: வீக்கம் வடிந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம். மாத்திரை சாப்பிடும் வரை கீரையைத் தொடக்கூடாது.

உண்மை: மருந்து கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் வளரவிடாமல் பிடித்து நிறுத்துகிறது, கரைக்கும் வேலையை உடம்பு மெல்லச் செய்கிறது. அதற்காகக் குறைந்தது மூன்று மாதம் மருந்து தொடர வேண்டும். கீரைக் கட்டுப்பாடு வார்ஃபரின் மாத்திரைக்கு மட்டும். அதிலும் கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்று மறு வாரம் விட்டுவிடாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். வார்ஃபரினுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். மலையிலிருந்து இறங்கி வருகிறவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அந்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் அவருக்குப் பொருந்துமா என்று மருத்துவர் பார்ப்பார். இந்த மருந்துகளை எடுத்துக்கொள்ளும்போது உடம்புவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும் ஆகாது. சில வகை ரத்தக்கசிவை உண்டாக்கும்.

டிஸ்சார்ஜ் அட்டையை வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம்: ரத்தக்கட்டு வரும் ஆபத்து எனக்கு எவ்வளவு? தடுப்பு ஊசியோ மாத்திரையோ வீட்டிலும் தொடர வேண்டுமா, எத்தனை நாள்? கால் வீங்கினால் எங்கே வர வேண்டும்? வீடு போன பின் 12 வாரம் வரை, குளிக்கும்போது இரண்டு கெண்டைக்காலையும் ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென மூச்சுத் திணறினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். வருகிறவர்களிடம் முதல் வாக்கியமாக, எந்தத் தேதியில் என்ன ஆபரேஷன் நடந்தது என்பதைச் சொல்லுங்கள்.