கடைசிக் குழாய்

சுகாதார ஆய்வாளர் பயிற்சியை முடித்து, முதல் நியமன உத்தரவைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “ஐயா, வேலையில் சேர்ந்த அன்றைக்கு முதலில் எங்கே போகவேண்டும்?” பஞ்சாயத்து அலுவலகத்துக்கா, ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டுக்கா, பள்ளிக்கூடத்துக்கா என்று அவர்களே வரிசையாகச் சொல்லிக்கொண்டும் போவார்கள். அங்கெல்லாம் போகத்தான் வேண்டும். ஆனால் முப்பத்தைந்து வருஷம் இந்த உத்தியோகத்தில் நடந்தவன் என்ற உரிமையில் நான் சொல்வது, ஊரின் கடைசித் தெருவில் கடைசிக் குழாய் எது என்று விசாரித்துக்கொண்டு முதலில் அங்கே போங்கள் என்பதுதான்.

நான் பயிற்சி பெற்றது காந்திகிராமத்தில், 1982 ஆம் வருஷம். சிறுமலையின் அடிவாரத்துக் காற்றில், காலை வேளைகளில் எங்களைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, ஹாராக்ஸ் பெட்டியைத் திறந்து வைப்பார் எங்கள் ஆசிரியர். ஆறு வெள்ளைக் கிண்ணங்களும் ஒரு கறுப்புக் கிண்ணமும் அதில் இருக்கும். கறுப்புக் கிண்ணத்தில் பிளீச்சிங் பவுடரைக் குழைத்து, அந்தக் கரைசலை வெள்ளைக் கிண்ணங்களில் உள்ள கிணற்று நீரில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று ஏற்றிக்கொண்டே போய், அரை மணி காத்திருந்து, பிறகு ஸ்டார்ச்-அயோடைடு திரவத்தை விட்டால், எந்தக் கிண்ணத்தில் முதலில் நீல நிறம் தெளிவாகத் தோன்றுகிறதோ அதைக்கொண்டு அந்தக் கிணற்றுக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று கணக்கிட வேண்டும். அந்த அரை மணி நேரம் எங்களுக்குப் பொறுக்காது. “தண்ணீர் பதில் சொல்வதற்கு அவகாசம் கொடுங்கள்” என்பார் ஆசிரியர். நான் கற்ற பாடங்களில் பாதிக்கு மேல் மறந்துபோயின. அந்த அரை மணி நேரம் மறக்கவில்லை.

இப்போது இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலையோ, தாவரவியலும் விலங்கியலுமோ படித்திருக்க வேண்டும். அதன்மேல் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் பயிற்சியையோ, சுகாதார ஆய்வாளர் பயிற்சியையோ அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முடித்துவிட்டு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக வேலைக்கு வருகிறார்கள். எங்கள் பக்கத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியிலேயே பொது சுகாதார நிறுவனம் இருக்கிறது. படிப்பைப் பற்றி இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றைமட்டும் வற்புறுத்துவேன்: 1939 ஆம் வருஷத்துச் சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்தைப் பரீட்சைக்காகப் படிக்காமல், ஒரு தடவை நிதானமாக, கதை படிப்பதுபோலப் படியுங்கள். இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாக எழுந்த சட்டம் அது. தண்ணீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், சந்தை, திருவிழா என்று மனிதர்கள் கூடி வாழ்வதால் வரும் அபாயங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தவர்களின் கவலை அதன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் தெரியும்.

இனி, கடைசிக் குழாய்க்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

2009 ஆம் வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு வாரம். ஓரகடத்தைச் சுற்றிக் கார்த் தொழிற்சாலைகளும் டயர்த் தொழிற்சாலைகளும் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் வாலாஜாபாத் சாலையும் அகலமாகிக்கொண்டிருந்தன. நெல் விளைந்த நிலத்தில் பொக்லைன் இறங்காத நாளே கிடையாது. அங்கே ஒரு கிராமத்தில், வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களுக்கும், அதே தெருவில் இருந்த உள்ளூர்க் குடும்பங்களுக்கும் இரண்டு நாளில் பேதி கண்டுவிட்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் படுத்துவிட்டார்கள். நான் போய் இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டது தெருமுனையில் இருந்த ஒரு மெஸ். ஓலைக் கூரை, ஈ மொய்த்த மேஜை, மூடி இல்லாத சாம்பார் அண்டா. கணவனை இழந்த ஓர் அம்மாள் அதை நடத்திக்கொண்டிருந்தார். பார்த்தவுடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. அடுப்பை அணைக்கச் சொன்னேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. தண்ணீரை எடுத்து ஊற்றி அணைத்தார்.

மெஸ் மூடிய பிறகும் மறுநாள் நான்கு பேருக்கு, அதற்கு மறுநாள் ஆறு பேருக்குப் பேதி வந்தது. அவர்களில் ஒருத்தி பிறந்த வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைத்தாய்ச்சிப் பெண். அந்த மெஸ்ஸில் ஒரு வாய் தேநீர்கூடக் குடித்தவளல்ல. அப்போதுதான், காந்திகிராமத்துக் கிணற்றடியில் கற்ற அரை மணி நேரத்தை நான் தொலைத்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

நோட்டுப் புத்தகத்தில் தெருவை ஒரு கோடாக இழுத்து, நோய் கண்ட வீடுகளுக்குப் புள்ளி வைத்தேன். மேல்நிலைத் தொட்டியின் பக்கம் புள்ளிகளே இல்லை. தெருவின் பாதியைத் தாண்டியதும் நெருக்கமாக விழுந்தன. பிறகு, அதுவரை நான் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். நோய் வராதவர்களைப் போய்ப் பார்த்தேன். அந்தக் கீழ்ப்பாதித் தெருவிலேயே மூன்று வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மூன்று வீட்டிலும் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மெஸ் அம்மாளும் அப்படித்தான். தொழிலாளிகள் பஞ்சாயத்துத் தண்ணீரின் வாசனையைக் குறைசொன்னதால், நஷ்டம் பார்க்காமல் கேன் வாங்கி வைத்திருந்தார்.

விடியற்காலையில் டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு, தண்ணீரில் மிஞ்சிய குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்புடன் நடந்தேன். தொட்டியின் அடியில் உள்ள குழாயில் சோதனைச் சிமிழை நிரப்பி, ஆர்த்தோடாலிடின் சொட்டுகளை விட்டதும் எலுமிச்சை மஞ்சள் பளிச்சென்று வந்தது. தெருவின் நடுவில் சற்று வெளுத்த மஞ்சள். கடைசிக் குழாயில் சிமிழைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பத்து விநாடி, இருபது விநாடி, ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது நமது தரக்கணக்கு. இங்கே ஒன்றுமே மிஞ்சவில்லை. அப்படியானால் வழியில் ஏதோ ஒன்று அதைத் தின்றிருக்கிறது.

“இங்கே யாராவது தோண்டினார்களா?” என்று கேட்டேன். “போன வாரம் கேபிள் போடப் பொக்லைன் வந்தது சார்” என்றார் ஆபரேட்டர், சாக்கடையைக் காட்டி. மண்ணை வெட்டிப் பார்த்தபோது, சாக்கடைக்கு அடியில் போன பி.வி.சி. குழாயின் இணைப்பு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. தண்ணீர் விடும்போது வெளியே பீறிடும், யாருக்கும் தெரியாது. வால்வை மூடியதும் குழாய் காலியாகி, உள்ளே உறிஞ்சும் சக்தி உண்டாகி, சாக்கடை நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே போகும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் விடுகிற எந்த ஊருக்கும் மற்ற இருபத்திரண்டு மணி நேரந்தான் ஆபத்து. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்தபோதுதான் அறிந்தேன்.

அன்று மாலை அந்த அம்மாளிடம் போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர், “பிள்ளைகளுக்குச் சரியாப் போச்சா சார்?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் வருமானத்தை நான் அவருக்குத் திருப்பித் தரவில்லை. தருவதற்குச் சட்டத்தில் வழியில்லை என்பதும் எனக்குச் சமாதானமாகவில்லை.

1854 இல் லண்டன் நகரத்தில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் மரணம் நேர்ந்த வீடுகளை விசாரித்து, பிராட் தெருவில் இருந்த அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்த கதையை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள். அதில் சிறுபகுதி ஒன்று அதிகம் சொல்லப்படுவதில்லை. அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளிகளுக்குக் காலரா கடுமையாக வரவில்லை. அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதவர்கள். நோயாளியை விசாரிப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியாவது, நோய் வராத அண்டை வீட்டுக்காரரிடம் செலவிடுங்கள்.

விசாரணைக்குப் போகும் நேரமும் முக்கியம். பதினோரு மணிக்குக் கையில் பதிவேட்டுடன் போய்க் கதவைத் தட்டினால், நம் பகுதியில் ஒன்று பூட்டுத் தொங்கும், அல்லது இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவன் கண்ணெரிச்சலுடன் வந்து நிற்பான். ஓர் அறையில் எட்டுப் பாய் விரித்திருந்தால் எட்டுப் பேர் என்று எழுதிவிடாதீர்கள். ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுக்கிறான். கம்பெனி பஸ் வந்து நிற்கும் நேரத்தை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டு, இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறவன் குளித்துவிட்டு, முதல் ஷிப்டுக்காரன் இன்னும் திரும்பாத அந்தப் பகல் ஒரு மணி வேளையில் போனால், பேசுவதற்கு ஆள் கிடைக்கும்.

பாஷையைப் பற்றியும் ஒரு விஷயம். ஒரு பீகார்த் தொழிலாளி ‘புகார்’ என்றபோது, யார்மீது புகார் என்று விசாரிக்கத் தொடங்கிய ஓர் இளைஞரை நான் அறிவேன். அவன் சொன்னது இந்தியில் காய்ச்சல். ஒரிசாக்காரரும் வங்காளியும் காய்ச்சலை ஜ்வரம் என்ற சொல்லின் சாயலிலேயே சொல்கிறார்கள். நம் பாட்டிமார் சொன்ன ஜுரந்தான் அது. அதை அறிந்த நாளிலிருந்து, நெற்றியில் கையை வைத்து ‘ஜுரமா?’ என்று கேட்பேன். முகம் மலர்ந்து, விரலை நீட்டிவிடுவார்கள். மலேரியாவுக்கு ரத்தத் தடவல் எடுக்கும்போது, விரலைப் பிடிக்கும் பிடியில் கனிவு வேண்டும். வைவாக்ஸ் வகை என்று முடிவு வந்தால் பிரைமாக்வின் மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒப்பந்தக்காரர் ஆளை வேறு தளத்துக்கு மாற்றிவிடுவார். ஆகையால் நோயாளியின் பெயரோடு ஒப்பந்தக்காரரின் தொலைபேசி எண்ணையும், கூட வந்த ஊர்க்காரன் ஒருவனின் எண்ணையும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

கொசுவைப் பற்றிப் பயிற்சியில் நிறையச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் கண்ணால் கண்டதைமட்டும் சொல்கிறேன். டெங்குக் கொசுவின் முட்டை தண்ணீரில் மிதப்பதல்ல. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. டிரம்மைக் கவிழ்த்துவிட்டுப் போனால் பாதி வேலைதான். நார் வைத்துச் சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் ஆவதால், வாரம் ஒரு தடவை தேய்க்க வேண்டும். தேய்த்துக் காட்டுங்கள், சொல்லிவிட்டு வராதீர்கள். அதிகாரி தன் வேட்டியை மடித்துக்கொண்டு டிரம்மைத் தேய்த்த வீட்டில், அடுத்த வாரம் டிரம் சுத்தமாக இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். எக்காரணம் கொண்டும் ஒரு மனிதனை அதற்குள் இறங்க விடாதீர்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிரான 2013 ஆம் வருஷத்துச் சட்டம் பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதைத் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, அங்கே தேங்கும் விஷவாயு முதலில் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவன் திரும்ப மாட்டான். இறங்கியவனைக் காப்பாற்ற இறங்குகிறவனும் திரும்ப மாட்டான். இயந்திர வண்டி வரும்வரை மூடியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவலிருங்கள்.

2021 டிசம்பரில், பூந்தமல்லிக்கு அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உணவு நஞ்சாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதும், அவர்களுடைய தோழிகள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டைவிட்டு வந்த பெண்பிள்ளைகள், தாங்கள் குடிக்கும் தண்ணீரையும் உண்ணும் சோற்றையும் பற்றிக் கேட்பதற்குச் சாலையில் உட்கார நேர்ந்ததை நினைக்கும்போது, ஓய்வு பெற்றிருந்த எனக்கும் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஒரு பேரூராட்சியின் ஜனத்தொகை ஒரே வளாகத்தில்! நல்ல காரியம், மனமாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் நுழையும் இளம் ஆய்வாளர், வரவேற்பறையில் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுச் சமையற்கூடத்தின் பளபளப்பைமட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. சம்ப்புக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடைவெளி எவ்வளவு, மூடி தரைமட்டத்துக்கு மேலே இருக்கிறதா, தண்ணீர் லாரி எந்தக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது என்பதையெல்லாம் கேட்டுவிட்டு, மேல்மாடியின் கோடியில் உள்ள கைகழுவும் தொட்டிவரைக்கும் ஏறிப் போய், அங்கே சிமிழை நிரப்ப வேண்டும்.

போன மாதம், புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு தம்பி விடியற்காலை ஐந்தே முக்கால் மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். வாலாஜாபாத் சாலைப் பக்கம் ஏதோ ஒரு காலனியில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் குடங்களின் ஓசை கேட்டது.

“ஐயா, கடைசிக் குழாயில் நிற்கிறேன். மஞ்சளே வரவில்லை.”

“எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?”

“அரை மணியாக ஐயா. மூன்று தடவை.”

“சரி தம்பி, ஆபரேட்டர் பக்கத்தில் இருக்கிறாரா? நேற்று வால்வை எத்தனை மணிக்கு மூடினார் என்று கேளுங்கள்.”