புரூச்சின் முதுகு

குற்றாலத்தில் சாரல் விழுந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். அருவிக்குப் போகும் பாதையில் என் தாயார் சிரட்டைச் சாமான்கள் விற்கிறார்கள். அகப்பை, கிண்ணம் இவற்றோடு, சென்ற சீசனில் நான் செய்த சிரட்டைப் புரூச்சுகள் 40-ஐயும் கடையில் வைத்தோம். ஆடி பிறப்பதற்குள் 11 திரும்பி வந்துவிட்டன. மயிலும் மாங்காயும் அப்படியே இருந்தன. பின்னால் பசை போட்டு ஒட்டிய ஊக்குதான் பெயர்ந்திருந்தது. ஓர் அம்மாள் வெறுங்கையோடு வந்தார். புரூச் அருவிக்கரையில் எங்கோ விழுந்துவிட்டதாம். பட்டுச் சேலையில் கிழிசல் மட்டும் மிச்சம். அம்மா பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

குற்றம் பசையின் மேல் மட்டும் இல்லை. சிரட்டையின் உட்புறம் குழிவானது. தட்டையான ஊக்கு அதில் இரண்டு முனைகளில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். ஈரமும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? ஒட்டுவதை விட்டுவிட்டு, பித்தளையில் நானே முதுகு செய்வதென்று தீர்மானித்து, தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரித் தாத்தாவிடம் போனேன்.

பித்தளைத் தகட்டில் ஊசியையும் கொக்கியையும் சேர்த்தே வைத்து, வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதினேன். (பேச்சில் நாம் "பொடி வைக்கிற" பொடி இதுதான் என்பார்கள்.) பற்று அருமையாகப் பிடித்தது. ஆனால் ஊசி, வாடிய கீரைத்தண்டு போல வளைத்த பக்கமெல்லாம் வளைந்தது. தாத்தா சிரித்தார்: "கம்பியச் சுட்டுப்புட்டு நிமிந்து நில்லுன்னா எப்படித் தாயி நிக்கும்?"

இயற்பியல் வகுப்பில் படித்ததுதான். கையில் பட்டபோதுதான் உறைத்தது. இழுத்தும் தட்டியும் முறுக்கியும் உலோகத்தைக் கடினமாக்கலாம். சூடேற்றினால் அந்தக் கடினம் போய்விடும். வெள்ளிப் பொடி உருக 600 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். அதற்குள் பித்தளைக் கம்பி இளகிவிடும். மின்சாரக்காரர் வைக்கும் ஈயப் பற்று 200 பாகைக்குள்ளேயே உருகும். கம்பிக்குக் கேடில்லை, பிடிதான் போதாது.

ஆகவே கீலும் கொக்கியும் மட்டும் நெருப்பைப் பார்க்க வேண்டும். ஊசி பார்க்கவே கூடாது. தகட்டைச் சிரட்டையின் குழிவுக்கு வளைத்து, கீலையும் கொக்கியையும் பற்றவைத்து, ஆறியபின் இரண்டு பித்தளை ரிவிட்டால் சிரட்டையோடு இறுக்குகிறோம். ஓங்கி அடித்தால் சிரட்டை விரியும். நான் மூன்றை உடைத்தேன். ரிவிட்டின் தலை முன்பக்கம் தெரிகிறதே என்று வருந்தி, பிறகு அதையே மயிலுக்குக் கண்ணாக வைத்துவிட்டேன். கடைசியில்தான் ஊசி. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கம்பியின் இரு முனைகளையும் குறட்டால் பிடித்து முறுக்கினால் விறைப்பு ஏறும். ஒரு முனையில் கண் வளைத்து, அதற்கு அப்பால் ஒரு சிறு வாலை விட வேண்டும். கீலில் ஆணி செருகி ஊசியைக் கீழே அழுத்தும்போது அந்த வால் தகட்டில் முட்டும். ஊசி மேலே எழப் பார்க்கும். அந்த எழுச்சிதான் கொக்கிக்குள் ஊசியைப் பிடித்து வைக்கிறது. அமெரிக்கரான வால்டர் ஹன்ட் 1849 ஏப்ரல் 10-இல் காப்புரிமை பெற்ற ஊக்கில் இந்த வேலையைச் சுருள் செய்கிறது. பண்டைய உரோமானியரின் உடை ஊசிகளிலும் சுருள் உண்டு. ஹன்ட் தம் உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அவருக்கும் கடன் இருந்ததாம்.

ஊசி முனையை அரத்தால் சீவிவிட்டு அப்படியே விட்டால் பிசிறு பட்டு நூலை இழுக்கும். நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, என் தாவணியிலேயே குத்திப் பார்த்தபின்தான் கடைக்கு அனுப்புகிறேன். இன்னொன்று: முதுகு புரூச்சின் நடுவில் இருக்கக் கூடாது, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். நடுவில் வைத்த என் பழைய மயில்களெல்லாம் தலை குப்புறக் கவிழ்ந்தே நின்றன.

ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் முடியவில்லை. விலையையும் கூட்ட வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு அதில் அரை மனம்தான். இந்தச் சீசனில் 26 விற்று, 2 திரும்பின. ஒன்றில் கொக்கியின் வாய் விரிந்திருந்தது. மற்றது, மயில் வேண்டாம், தாமரை கொடுங்கள் என்று வந்தது.