வேண்டாம் என்று சொல்ல வசதி இருக்கிறதா?

டெல்டாவில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய். இல்லாவிட்டால் அப்பாவோடு வயல். இத்தனை இருந்தால் முடிவு நம் கையில்தான் என்று நினைக்கத் தோன்றும். அதற்கு முன் குறுவை அறுவடை நேரத்தில் ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துப் பக்கம் போய்ப் பாருங்கள்.

நெல்லை விற்க அங்கே இரண்டு வழி. அரசிடம் போட்டால், 2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. இல்லையென்றால் தனியார் வியாபாரி, அவர் சொல்லும் விலை. அரசு நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மழை ஆண்டுகளில் கொஞ்சம் தளர்த்துவார்கள். ஐப்பசி மழையில் களம் இல்லாதவர் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டிக் காலால் கிளறிவிட்டு, வானம் கறுத்ததும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அறுவடை மெஷினுக்கு வாடகை பாக்கி வேறு. முளைவிடுவதற்குள் தள்ளிவிட்டால் போதும் என்றாகிவிடும். களமும் கையில் கொஞ்சம் பணமும் உள்ளவர் வெயிலுக்காகக் காத்திருக்கிறார். வாய்மொழிக் குத்தகைக்காரர் பாடு இன்னும் மோசம்: சிட்டா, அடங்கல் அவர் பெயரில் இல்லாததால் அரசு நிலையத்தில் போடுவதற்கே அலைய வேண்டும். வழி இரண்டு என்பது எல்லோருக்கும் பொதுவாக இருந்தும், தேர்ந்தெடுக்க முடிந்தவர் களம் வைத்திருப்பவர் மட்டுமே.

வேலையிலும் இதே கணக்குதான். எத்தனை இடத்தில் கூப்பிட்டார்கள் என்பதைவிட, ஒன்றை மறுத்துவிட்டு எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள் என்பதைப் பாருங்கள். முதல் சம்பளத்தில் பைக் தவணை கட்டத் தொடங்குவதற்கு முன், மூன்று மாதச் செலவுக்கான பணம் சேரட்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். கம்பெனியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வெளிநாடு என்றால் கூடுதல் கவனம் தேவை. முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அம்மா நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிப் போனவர், சொன்ன வேலை வேறு, அங்கே கொடுத்த வேலை வேறு என்றாலும் நகையை மீட்கும்வரை திரும்ப முடியாது.

வயலோடு இருப்பவர்களுக்கும் ஒன்று. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆற்றுநீரை மட்டும் நம்பியவருக்கு அந்த ஆண்டு குறுவையா, வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. அணையை நம்பாத இன்னொரு வருமானம் வேண்டும். தஞ்சையிலேயே உள்ள நிஃப்டெம் நிறுவனத்தில் உணவு பதப்படுத்தும் பயிற்சிகள் தருகிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த முறை வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும், சம்பளத் தொகைக்கு முன்னால் விலகுவதற்கான விதியைப் படியுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, பாண்ட் உண்டா, இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.