ராஜாவா, ரஹ்மானா? முதலில் ஸ்வர்ணலதா!

கேள்வி: நான் இளையராஜா ரசிகன். கல்லூரியில் படிக்கும் மகன் ரஹ்மான் கட்சி. வாட்ஸ்அப்பில் பாட்டு அனுப்பினால் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என்ன செய்வது? – வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரே நாளில் பத்துப் பாட்டு அனுப்பினால் அது வீட்டுப்பாடம், எந்தப் பிள்ளை ஆசையாகச் செய்யும்? ஒன்றே ஒன்று அனுப்புங்கள், அதுவும் பையனுக்கு ஏற்கெனவே பழகிய குரலில். ரஹ்மான் இசையில் 'கருத்தம்மா'வுக்காக 1994-ம் ஆண்டின் தேசிய விருது வாங்கிய ஸ்வர்ணலதாதான், 1991-ல் ராஜா இசையில் வந்த 'தளபதி'யில் எஸ்.பி.பி.யோடு ராக்கம்மா பாட்டைப் பாடியவர். ஆட்டம் அமர்க்களப்படும்போது நடுவில் தேவாரம் நுழையுமே, அந்த இடத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். 'ஒரு பாட்டில் ராஜா அடங்குவாரா?' என்பீர்கள். அடங்க வேண்டாம், பையன் அடுத்ததைத் தானாகத் தேடினால் போதும். 'அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ரஹ்மானே ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான் (கட்சி கட்டியதெல்லாம் நாம்தான்). பதிலுக்குப் பையன் அனுப்புவதை இயர்போனில் முழுசாகக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் பாதி காணாமல் போகும். 'இதில் என்ன இருக்கு?' என்று நீங்கள் கேட்க, பழையபடி சண்டைதான்.