ஜீப்பின் பின்சக்கரத்திற்கு டிஸ்க் பிரேக்

காட்டாற்றைக் கடந்து கரையேறிய ஜீப், அடுத்த சரிவில் பிரேக்கிற்குக் கட்டுப்படாமல் நழுவுவதை நாம் கண்டதுண்டு. பின்சக்கர டிரம்மினுள் புகுந்த நீரும் சேறும் எளிதில் வெளியேற வழியின்றி, லைனிங்கின் பிடியைக் குறைப்பதே இதற்குக் காரணமாகும். திறந்த வெளியில் சுழலும் டிஸ்க்கோ நீரை உதறிவிடும். சூடும் விரைவில் ஆறும்.

ஆயினும், டிரம்மைக் கழற்றி டிஸ்க்கையும் காலிபரையும் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடாது. டிரம்மின் சுழற்சியே ஷூவை மேலும் இறுக்கும். டிஸ்க்கிற்கு அத்துணை இல்லை. ஆகவே கூடுதலான எண்ணெய் அழுத்தமும், அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டரும் வேண்டும். டிரம்முக்கென அமைந்த, குழாயில் அழுத்தத்தைத் தேக்கும் வால்வை நீக்காவிடின், பிரேக் கட்டை டிஸ்க்கை ஓயாது உரசும். மேலும், பிரேக்கை மிதிக்கையில் பாரம் முன்னோக்கிச் சாயுமாதலின், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்காதவாறு பின்புற அழுத்தத்தை மட்டுப்படுத்தல் வேண்டும்.

அனைத்தினும் முக்கியமானது கைப்பிரேக். 1941-இல் வெளிவந்த வில்லிஸ் ஜீப்பில் அது டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறம் தனியே அமைந்திருந்தது. பின் டிரம்மிலேயே கைப்பிரேக் உள்ள வண்டிகளில், டிரம்மோடு அதுவும் போய்விடும். மாற்று ஏற்பாடு செய்து, மேட்டில் நிறுத்திய வண்டி உருளாமை கண்ட பின்னரே ஓட்டுநரிடம் சாவியை ஒப்படைத்தல் நம் கடமையாகும்.