கார் நிறுத்தக் கட்டணத் தகராறு: கோர்ட்டுக்குப் போகுமுன் அறிய வேண்டியவை

(வணிகர் சட்டப் பாடம்)

வியாபாரிக்குக் கடை எவ்வளவு அவசியமோ, வண்டியும் இன்று அவ்வளவு அவசியம். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் மளிகைச் சாமான் இறக்குபவரும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஜவுளி விற்பவரும், கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் பணமாற்றுத் தொழில் நடத்துபவரும் தினந்தோறும் எண்ணும் கேள்வி, "வண்டியை எங்கே நிறுத்துவது?" என்பதே. சாலையோரத்தில் இடமில்லை. தனியார் நிலத்திலோ, வணிக வளாகத்தின் அடித்தளத்திலோ, அடுக்கு மாடி வளாகத்திலோ நிறுத்துகிறோம். திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடியில் ஒரு சீட்டு. அல்லது சக்கரத்தில் ஒரு பூட்டு.

இந்த நிலையில் நம்மவர்கள் இரு வகையாக நடந்துகொள்கின்றனர். ஒருவர், "தொல்லை விட்டால் போதும்" என்று கேட்ட தொகையைக் கட்டிவிடுகிறார். மற்றொருவர் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு மறந்துவிடுகிறார். முன்னவர் கொடுக்க வேண்டாத பணத்தைக் கொடுக்கிறார். பின்னவரோ சில மாதங்களுக்குப் பின் வக்கீல் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குகிறார். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நேரான வழி உண்டு. அதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. சீட்டு யாருடையது?

முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் மாநகர் மன்றமோ, 2024-இல் மாநகர் தகுதி பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றமோ கொடுக்கும் சீட்டு, சட்டத்தின் கீழ் விதிக்கப்படும் கம்பவுண்ட். அதைக் கட்டாமல் விட்டால் விஷயம் குற்ற வழக்காக மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகும். ஆட்சேபம் இருந்தால் உரிய காலத்துக்குள் மன்றத்தின் முகப்புக்குச் சென்று முறையிட வேண்டும். சாலையோர வசூலை ஒரு தனியார் கம்பெனி நடத்தினாலும், சீட்டு மன்றத்தின் பெயரில் இருந்தால் அது மன்றத்தின் கம்பவுண்டே.

தனியார் நிலத்தின் நிர்வாகி கொடுக்கும் சீட்டு அப்படிப்பட்டதன்று. அதில் "அபராதம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், அது சர்க்கார் அபராதம் ஆகாது. ஒரு தனிமனிதர் மற்றொரு தனிமனிதரிடம் கேட்கும் பணம் அது. கடை பாக்கி கேட்பதைப் போன்றது. கேட்பவர் தமக்கு அது வரவேண்டியது என்று காட்டியாக வேண்டும். இந்த வேற்றுமையை அறியாததால் நம்மவரிடையே வீண் பயமும் உண்டு, வீண் துணிச்சலும் உண்டு.

2. ஒப்பந்தம் எவ்வாறு உண்டாகிறது?

தனியார் கேட்கும் தொகைக்கு அடிப்படை ஒப்பந்தம். நுழைவாயிலில் நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கிறார், அதைப் பார்த்து நாம் உள்ளே போகிறோம், ஒப்பந்தம் பிறக்கிறது. ஆகவே எழும் கேள்வி: நுழையுமுன் அந்நிபந்தனை நம் கண்ணில் படும்படி இருந்ததா?

இதுபற்றி இங்கிலாந்து அப்பீல் கோர்ட் 1970-இல் தீர்ப்பளித்த தார்ண்டன் எதிர் ஷூ லேன் பார்க்கிங் வழக்கு புகழ்பெற்றது. லண்டனில் ஒரு தானியங்கி கார் நிறுத்துமிடத்தில் இயந்திரம் சீட்டைத் தந்தது. சீட்டில், நிபந்தனைகள் உள்ளே ஒட்டப்பட்டுள்ளன என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. லார்ட் டென்னிங் முதலிய நீதிபதிகள் அந்நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்றனர். இயந்திரத்தோடு தர்க்கம் செய்ய முடியாது. சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பின்னால் தெரியவரும் நிபந்தனையை அதில் சேர்க்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நாட்டுக் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆயினும் இத்தகைய விஷயங்களில் நம் நீதிபதிகள் அவற்றைக் கருத்தில் கொள்வதுண்டு. எனவே சீட்டைக் கண்டதும் முதலில் பார்க்க வேண்டியது பலகை. அது வாயிலில் இருக்கிறதா? இரவில் விளக்கு உண்டா? மரக்கிளையோ வேறொரு லாரியோ மறைக்கிறதா? தொகை அதில் தெளிவாக இருக்கிறதா? உடனே படம் எடுத்துக்கொள்க. மறுவாரம் போய்ப் பார்த்தால் புதுப் பலகை முளைத்திருக்கலாம்.

வண்டியை ஓட்டியது நாமல்ல, நம் கடைப் பையன் என்று சொல்லித் தப்பிக்க நினைப்பதும் வேண்டாம். கடை வேலையாகப் போயிருந்தால் முதலாளியையும் பொறுப்பு பிடிக்கக்கூடும்.

3. தொகை நியாயமானதா?

பலகை தெளிவாகவே இருந்தது. நாமும் நேரம் கடந்து நிறுத்திவிட்டோம். அப்போதும் கேட்ட தொகை முழுவதையும் கொடுத்தே தீரவேண்டுமா?

1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு இதற்கு விடை தருகிறது. ஒப்பந்தத்தை மீறினால் இன்ன தொகை என்று முன்கூட்டியே குறித்திருந்தால், அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கிடைக்கும். குறித்த தொகை உச்சவரம்பு. அது அப்படியே கிடைத்துவிடும் என்பதில்லை.

இப்பிரிவுக்கு நம் கூட்டரசு நீதிமன்றம் 1995-இல் செல்வக்குமார் எதிர் தியாகராஜா வழக்கில், நஷ்டத்தை நிரூபித்தால்தான் பணம் என்று கண்டிப்பாகப் பொருள் கூறியது. அதைக் கேள்விப்பட்ட பலர் இன்றும், "நஷ்டத்தை நிரூபி" என்ற ஒரு வாக்கியத்தையே ஆயுதமாக எண்ணுகின்றனர். அந்த நிலை மாறிவிட்டது. 2018-இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் எதிர் மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம், எல்லா வழக்கிலும் உண்மையான நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்றும், தொகை நியாயமற்றது என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்றும் கூறிற்று. சுமை நம் தோளுக்கு வந்துவிட்டது என்பதை வணிகர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

அத்தீர்ப்பில் நம் நீதிபதிகள் கருதிப் பார்த்த இங்கிலாந்துத் தீர்ப்புகளுள் ஒன்று நம் பாடத்துக்கு நேராகவே பொருந்துவது. அது பார்க்கிங் ஐ எதிர் பீவிஸ். செம்ஸ்போர்டு நகரக் கடை வளாகம் ஒன்றில் இரண்டு மணி நேரம் கார் நிறுத்தக் கட்டணமில்லை. மீறினால் 85 பவுன். ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தினார். இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில் 85 பவுனும் செல்லும் என்றது. காரணம் என்ன? வளாகத்தில் ஏறக்குறைய 20 பலகைகள் பெரிய எழுத்தில் இருந்தன. ஒருவரே நாள் முழுதும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் கடைகளுக்கு வாடிக்கையாளர் வர முடியாது. இடம் கைமாறுவதில் உரிமையாளருக்கு நியாயமான அக்கறை உண்டு. தொகையும் அளவு மீறியதன்று என்று நீதிபதிகள் கருதினர்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாதெனில், "அதிகம்" என்று வாயால் சொன்னால் போதாது. ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதே இடத்தில் ஒரு நாள் முழுவதற்கும் என்ன கட்டணம்? பக்கத்து வளாகங்களில் என்ன வாங்குகிறார்கள்? உதாரணமாக, மணிக்கு 3 வெள்ளி வீதம் மூன்று மணி நேரம் நிறுத்தியவர் 9 வெள்ளி தரவேண்டும். சீட்டு தொலைந்ததென்று அவரிடம் 50 வெள்ளி கேட்டால், டச் அண்ட் கோ கணக்கையோ, அன்று சரக்கு வாங்கிய ரசீதின் நேரத்தையோ காட்டி, "நான் நுழைந்த நேரம் இது, உங்கள் காமிராவிலும் பாருங்கள்" என்று கேட்கலாம். சான்று கையில் இருப்பவரின் பேச்சுக்கே மதிப்பு உண்டு.

4. சக்கரத்தில் பூட்டு

சீட்டைவிடக் கடுமையானது பூட்டு. மீன், இறைச்சி, காய்கறி ஏற்றிய வண்டி பூட்டில் நின்றால் சரக்கே கெட்டுப்போகும். ஆத்திரத்தில் பூட்டை அறுப்பவர்களும் உண்டு. அது கூடாது. பிறர் பொருளைச் சேதப்படுத்தியதாகப் போலீஸ் புகார் வரும். அத்துடன் நம் பக்கத்து நியாயமும் அடிபட்டுப் போகும்.

செய்ய வேண்டியது, பணத்தைக் கட்டி வண்டியை விடுவித்துக்கொள்வதும், ரசீதில் "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று எழுதி வாங்குவதுமே. எழுத மறுத்தால் அங்கேயே கைப்பேசியில் அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புக. ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, வற்புறுத்தலால் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. ரயில் கம்பெனி முறையற்ற கூலி கேட்டுச் சரக்கைத் தர மறுக்க, வியாபாரி வேறு வழியின்றிக் கட்டி மீட்டால், அதிகமாக வாங்கியதைத் திரும்பப் பெறலாம் என்று அச்சட்டமே உதாரணம் காட்டுகிறது. ரயில் சரக்குக்குச் சொன்னது பூட்டிய வண்டிக்கும் பொருந்தும் என்று நாம் வாதிட இடமுண்டு.

இங்கிலாந்தில் வைன் எதிர் வால்தம் பாரஸ்ட் வழக்கில், வேறொரு வண்டி மறைத்ததால் எச்சரிக்கைப் பலகையைக் காணாத பெண்மணி 108 பவுன் கட்டித் தம் காரை மீட்டார். பலகையைக் காணாதவர் பூட்டுக்குச் சம்மதித்தவர் ஆகார் என்று 2000-இல் அப்பீல் கோர்ட் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. தனியார் நிலத்தில் பூட்டுப் போடுவதை அந்நாடு 2012-இல் சட்டத்தாலேயே தடுத்துவிட்டது.

நம் நாட்டு அடுக்கு மாடி வளாகங்களில், 2015-ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாக விதிகளின்படி, முறைகேடாக நிறுத்திய வண்டிக்கு நிர்வாகக் கழகம் முன்னறிவிப்பின்றிப் பூட்டுப் போடலாம். ஆனால் அதற்கு விதிக்கும் கட்டணம் 200 வெள்ளிக்கு மேற்படக் கூடாது. உண்மையில் ஏற்பட்ட காப்புச் செலவு மட்டும் தனி. இதற்கு மேல் கேட்டால் எந்த விதியின் கீழ் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இங்கே நமக்கும் ஒரு சொல். கடை வாசலில் பொதுச் சாலையில் பீப்பாயும் நாற்காலியும் போட்டு இடம் பிடிக்கும் வழக்கம் நம் தெருக்களிலும் உண்டு. அது 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி இடையூறு. பிறரிடம் நியாயம் கேட்பவர் தம் வாசலைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

5. ஆட்சேபக் கடிதம்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நம் மரபு. அல்-பகறா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் கடன் எழுதுவதைப் பற்றியதென்பதை நம்மவர் அறிவர். தகராறையும் அப்படியே எழுத்தில் வைக்க வேண்டும். சீட்டு கிடைத்த ஒரு வாரத்துக்குள், மலாயிலோ ஆங்கிலத்திலோ, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புக. கருத்து இவ்வாறு அமையட்டும்:

"வாகன எண், தேதி, சீட்டு எண் மேலே குறித்தபடி. தாங்கள் கேட்கும் தொகையை நான் கடனாக ஒப்புக்கொள்ளவில்லை. காரணம்: (பலகை இல்லை / மறைந்திருந்தது / இயந்திரம் பழுது / தொகை அளவு மீறியது). படங்களை இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் பின்வருவனவற்றை அனுப்பக் கோருகிறேன்: கார் நிறுத்துமிடம் நடத்த உள்ளூராட்சி தந்த உரிமத்தின் நகல், நில உரிமையாளர் தந்த அதிகாரம், பலகை இருந்த இடத்தின் படம், நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும், தொகையைக் கணக்கிட்ட விதம். சாதாரணக் கட்டணமான ... வெள்ளியைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்."

இதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, "கொஞ்சம் தவணை கொடுங்கள், கட்டிவிடுகிறேன்" என்று எழுதாதீர்கள். அது கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டாவது, "உரிமைக்குப் பாதகமின்றி" என்ற தலைப்பை எல்லாக் கடிதத்திலும் போடாதீர்கள். அது சமரசப் பேச்சுக்கு உரியது. அப்படித் தலைப்பிட்ட சமரசக் கடிதத்தைப் பின்னர் கோர்ட்டில் காட்ட இயலாமல் போகும். ஆட்சேபக் கடிதமோ காட்டுவதற்காகவே எழுதுவது.

6. வசூல் ஏஜண்டும் வக்கீல் நோட்டீஸும்

வசூல் ஏஜண்டின் கடிதம் கோர்ட் உத்தரவு அன்று. கோர்ட் உத்தரவின்றி அவர் கடைக்கு வந்து பொருளைத் தூக்க முடியாது. வக்கீல் நோட்டீஸும் ஒரு கோரிக்கையே. ஆயினும் அதற்குப் பதில் எழுதாமல் இருப்பது தவறு. முந்திய கடிதத்தின் நகலை இணைத்து நான்கு வரியில் பதில் அனுப்பினால் போதும். ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு காலம் உண்டு. ஆகவே காகிதங்களை ஒரு கோப்பில் பத்திரப்படுத்துக.

7. நாமே முந்திக்கொள்ளும் இடம்

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், 5 வெள்ளி கட்டணத்தில், மூன்று ஆண்டுக்குள் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கும். வக்கீல் தேவையில்லை. தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாதது குற்றம். பூட்டுக்காகக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு ஏற்ற இடம் இதுவே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மன்றத்தில் முதலில் கோரிக்கை பதிவாகிவிட்டால், அதே தகராறை அதே தரப்பினர் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கோர்ட் வழக்கு முந்தியிருந்தாலோ மன்றத்தின் கதவு நமக்கு மூடிவிடும். ஆகவே காலம் கடத்துவது நமக்கே நஷ்டம். வண்டி கம்பெனி பெயரில் இருந்தால், சட்டம் கூறும் "பயனீட்டாளர்" என்ற வரையறைக்குள் வருகிறோமா என்று முதலில் கேட்டறிக.

8. சம்மன் வந்துவிட்டால்

இத்தனைக்கும் பிறகு சம்மன் வந்தால், அன்றே அதில் உள்ள தேதியைப் படிக்க வேண்டும். சாதாரண வழக்கில் 14 நாட்களுக்குள் ஆஜராவதாகத் தெரிவிக்க வேண்டும். சிறு கோரிக்கை வழக்கிலும் எதிர்வாதப் படிவத்துக்கு 14 நாட்களே. தவறினால் நம் பக்கத்தைக் கேளாமலே தீர்ப்பாகிவிடும். எத்தனை நல்ல நியாயமும், தாமதமாய் வந்தால் வாசலிலேயே நின்றுவிடும்.

பயிற்சி வினாக்கள்

1. மாநகர் மன்றத்தின் கம்பவுண்டுக்கும் தனியார் கேட்கும் கட்டணத்துக்கும் உள்ள வேற்றுமை யாது?
2. 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு யாருடையது?
3. பூட்டிய வண்டியை மீட்கும்போது ரசீதில் எழுத வேண்டியது என்ன? ஏன்?
4. நடுவர் மன்றத்துக்கு நாமே முந்திச் செல்வதால் வரும் பயன் என்ன?

கடை ஊழியர்களையும் லாரி ஓட்டுநர்களையும் அழைத்து இவ்வினாக்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சக்கரத்தில் பூட்டு விழும்போது பெரும்பாலும் வண்டியருகே நிற்பவர்கள் அவர்களே.