தம்பதி சொத்தில் வரியை மிச்சம் பிடிக்க...

கலிபோர்னியாவில் வீடு வாசலோடு குடியிருக்கும் தோழிகளே! வீட்டில் ஒருவர் மறைந்தால் சொத்துக்கு வரி எவ்வளவு வருமோ என்ற பயம் வேண்டாம். இருவரும் நன்றாக இருக்கும்போதே நாலு காகிதத்தைச் சரிபார்த்து வைத்தால் போதும், பெருந்தொகை மிச்சமாகும்.

1. கலிபோர்னியாவில் மாநில வாரிசு வரி கிடையாது. மத்திய எஸ்டேட் வரியும், 2026-ல் மறைபவரின் பங்கு 1.5 கோடி டாலரைத் தாண்டினால்தான் எட்டிப்பார்க்கும். துணைவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்றால், அவருக்குப் போகும் சொத்துக்கு இந்த வரி அறவே இல்லை.

2. நாம் கவனிக்க வேண்டியது கேபிடல் கெயின்ஸ் வரியைத்தான். கல்யாணத்துக்குப் பின் சம்பளத்தில் வாங்கியது கம்யூனிட்டி ப்ராபர்ட்டி என்பதால், ஒருவர் மறைந்ததும் இருவரின் பாதிக்கும் அடக்க விலை அன்றைய சந்தை விலையாகிவிடும். 3 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டை அன்றைய மதிப்பான 15 லட்சத்துக்கே விற்றால் லாப வரி பூஜ்யம்.

3. வீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். ‘ஜாயின்ட் டெனன்சி’ என்றிருந்தால் பாதிக்குத்தான் சலுகை என்ற சிக்கல் வரலாம். மேலே சொன்ன வீட்டுக்கு அடக்க விலை 9 லட்சத்தோடு நின்றுவிடும். வக்கீலிடம் சொல்லி ‘கம்யூனிட்டி ப்ராபர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப்’ என்று மாற்றினால் முழுச் சலுகைக்கும் வழி, கோர்ட் அலைச்சலும் மிச்சம்.

4. ஊரில் மாமனார் உங்கள் கணவருக்கு எழுதிவைத்த வீடு, உங்கள் அப்பா தந்த பணம் எல்லாம் தனிச் சொத்து. பொதுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கு, தனி ஃபைல் போட்டு வையுங்கள்.

5. மறைந்த தேதியில் வீடு என்ன விலை பெறும் என்று லைசென்ஸ் உள்ள அப்ரைசரிடம் சீக்கிரமே எழுதி வாங்கிவிடுங்கள். பங்குகள் இருந்தால், இரண்டு பாதிக்கும் அடக்க விலையை மாற்றச் சொல்லி ப்ரோக்கரிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் பாதிதான் மாறும், அல்லது அதுவும் மாறாது.

6. ஐஆர்ஏ, 401-கே பணத்துக்கு இந்த அடக்க விலைச் சலுகை இல்லை. அதைத் துணைவர் தன் ஐஆர்ஏவுக்கு மாற்றிக்கொண்டால் உடனே வருமான வரி விழாது. ஆகவே பெனிஃபிஷியரி பெயர் சரியாக இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள்.

7. துணைவர் க்ரீன் கார்டிலோ விசாவிலோ இருந்தால் முதலில் சொன்ன வரம்பில்லாத எஸ்டேட் வரி விலக்கு கிடையாது. மறைந்தவருக்கு அமெரிக்கா நிரந்தர இருப்பிடம் அல்ல என்று முடிவானால், 60,000 டாலருக்கு மேலுள்ள அமெரிக்கச் சொத்துக்கே வரி வரலாம். விசாவில் இருப்பவர்கள் வக்கீலை இப்போதே பார்ப்பது சிக்கனம்.

8. மறைந்தவர் பயன்படுத்தாத 1.5 கோடி வரம்பைத் துணைவர் தன் பேரில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு 9 மாதத்துக்குள் 706 படிவம் தாக்கல் செய்ய வேண்டும், 6 மாத நீட்டிப்பும் உண்டு.

9. வீட்டை விற்பதாக முடிவெடுத்தால், மறுமணம் செய்யாத துணைவர் 2 ஆண்டுக்குள் விற்பது லாபம். அதுவரை 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு விலக்கு. பிறகு அது 2.5 லட்சம்தான்.

10. ஒருவர் மறைந்த 150 நாளுக்குள் கவுண்டி அசெஸர் அலுவலகத்துக்குத் தகவல் படிவம் போக வேண்டும். துணைவருக்கு வரும் வீட்டின் ப்ராபர்ட்டி டாக்ஸ் இதனால் ஏறாது. பத்திரம், கல்யாணச் சான்றிதழ், வாங்கிய ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, அது இருக்கும் இடத்தை இருவரும் தெரிந்துகொள்ளுங்கள்.